ஏரிக்கரையில் உணக்கிய மரச்சீனி

வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படுகிற நர்சுமார் என்னைப் பார்க்க வந்தால், டீ ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "அக்கா, அங்க நம்ம சாப்பாடு கிடைக்குமா?" மலேரியாவைப் பற்றிக் கேட்கமாட்டீர்கள். அந்த ஊர் பாஷையைப் பற்றிக் கேட்கமாட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதே கவலையோடு போனவள்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த ஆபீசர், ஏழு சுற்று பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்த நெத்திலிக் கருவாட்டைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "இது என்னது?" என்றார். "சம்சாரத்துக்கு மருந்து சார், இது இல்லேன்னா அவளுக்கு வயித்துக்குள்ள ஒண்ணும் எறங்காது" என்று என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னார். அந்த ஆபீசரும் நம் பக்கத்து ஆளாக இருந்திருக்கவேண்டும். சிரித்தபடி பெட்டியை மூடிவிட்டார்.

ஓய்வு பெற்று, நெய்யூரிலிருந்து குளச்சல் போகிற வழியில் வீடு கட்டி உட்கார்ந்தாயிற்று. அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் படித்துவிட்டுத்தான் போகிறீர்கள், அதை நான் எழுதுவதில் பிரயோசனமில்லை. நான் செய்த ஒரு பெரிய தப்பை எழுதுகிறேன். பதினோரு வருட ஊழியத்தில் நான் செய்த நல்ல காரியங்களை வேறு யாராவது எழுதட்டும், தப்பை நானே எழுதினால்தான் சரியாக இருக்கும்.

நாங்கள் போனது மலாவி நாட்டின் வடக்கே, பெரிய ஏரியின் கரையில் இருந்த ஒரு சின்ன மிஷன் கிளினிக்குக்கு. ஏரி என்றுதான் பெயர், எதிர்க்கரை தெரியாது. அலை அடிக்கும், வள்ளம் போகும், விடிந்தால் கரையில் மீன் குவியும். அங்கே உசிபா என்று ஒரு பொடி மீன் உண்டு, பார்த்தால் நம் நெத்திலியேதான். குளச்சலில் பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர் அதைக் கண்ட முதல் நாளே, பாஷை தெரியாமல் விரலைக் காட்டியே பேரம் பேசி, ஒரு கூடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஏட்டி, நாம எதுக்குக் கருவாட்டைச் சொமந்துக்கிட்டு வந்தோம்?" என்று அவருக்கு ஒரே வருத்தம். கிளினிக்கின் ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், சோலார் பெட்டி எல்லாம் அவர் பொறுப்பு. நான் பிரசவ வார்டு.

மின்சாரம் வந்தால் வந்தது. ஃபிரிட்ஜ் இருந்தது, தடுப்பூசி மருந்துக்கு. அதில் என் மீன் குழம்பை வைத்தால் மருத்துவ அலுவலர் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார். அதனால் எதுவானாலும் உப்பு, எண்ணெய், வெயில் மூன்றில் ஒன்றைக் கொண்டுதான் காப்பாற்றவேண்டும். முதல் ஆண்டிலேயே எலுமிச்சை ஊறுகாய் போட்டேன், உசிபாவை உப்புக் கண்டம் போட்டேன். வாசலில் பாய் விரித்து நான் எதையாவது வெயிலில் உணக்கிக்கொண்டே இருப்பேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், கேட்பார்கள், கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். வார்டில் கிடைக்காத சிநேகம் எனக்கு அந்தப் பாயில்தான் கிடைத்தது. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் ஏறிவிட்டது.

கிளினிக்கை ஒட்டி ஒரு காத்திருப்பு வீடு இருந்தது. தூரத்து ஊர்ப் பெண்கள் பிரசவ நாளுக்கு மூன்று நாலு வாரம் முன்னமே வந்து அங்கே தங்குவார்கள். மழை பிடித்தால் பாதை போய்விடும், வலி வந்தபிறகு புறப்பட்டால் வழியிலேயே பெறவேண்டியதுதான். அப்படிப் பெற்று, தாயோ பிள்ளையோ போய்ச்சேர்ந்த கதை அங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்த வீட்டில் பெண்கள் வந்து தங்குகிறார்களா இல்லையா என்பதில்தான் எங்கள் கிளினிக்கின் உயிரே இருந்தது. அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவள் மெர்சி. முப்பது வயதிருக்கும், மூன்று பிள்ளைகளின் தாய், சமையலும் அவள்தான், நான் தடுமாறினால் மொழிபெயர்ப்பும் அவள்தான். அவள் பேசியது அவள் பாஷை. என் காதில் அது நம் ஊர்ப் பேச்சாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

மழை மாதங்களில் அங்கே பசி வரும். பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதியது விளைந்திருக்காது. பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவு பாதியில் தீர்ந்தால், பிரசவத்துக்குக் காத்திராமல் திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டாம் ஆண்டு, மழைக்கு முன்னாலேயே இதற்கு ஒரு வழி செய்வது என்று நான் முடிவு கட்டினேன். வழி கண்ணெதிரே இருந்தது. அந்த ஊர் முழுக்க மரச்சீனி. ஆமாம், நம் மரச்சீனிக் கிழங்குதான், மற்ற ஜில்லாக்காரர்கள் மரவள்ளி என்பார்களே, அதேதான். அதைக் கண்டபோது எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம்.

அந்த ஊர்க்காரர்கள் அதைத் தோல் சீவி, ஓடைத் தண்ணீரில் நாலைந்து நாள் போட்டுவைப்பார்கள். அது ஊறி, புளித்து, கையால் அமுக்கினால் குழையும். பிறகு பிழிந்து காயவைத்து இடிப்பார்கள். அந்த ஓடைப் பக்கம் போனால் நாற்றம் தாங்காது, ஈ மொய்க்கும். என் நர்சு மூளை உடனே வேலை செய்தது. கர்ப்பிணிப் பெண்கள் தின்கிற சாப்பாட்டை அழுக்கு ஓடையில் போடுவதா? நம் ஊரில் எப்படி? சீவி, வில்லையாக வெட்டி, பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு, தண்ணீரை வடித்து, பாறையில் வெயிலில் போட்டால் ஒரு வாரத்தில் கல்லு மாதிரி காய்ந்துவிடும். வருடம் முழுக்க இருக்கும். நாற்றமில்லை, ஈயில்லை.

மெர்சி ஒரு தரம் சொன்னாள். "சிஸ்டர், இது கசப்புக் கிழங்காக்கும். இதுக்குத் தண்ணி வேணும், நாள் வேணும்."

"மெர்சி, நான் மரச்சீனி தின்னு வளந்தவ. எனக்கா சொல்லித்தாற?" என்றேன்.

அவள் அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் வெள்ளைச் சட்டை போட்ட சிஸ்டர், அவள் சமையல்காரி. அவள் வாய் மூடியதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போகிற இடத்தில் உங்கள் முன்னால் யாராவது ஒரு தரம் சொல்லிவிட்டு மௌனமானால், இரண்டாம் தரம் நீங்கள் கேட்கவேண்டும்.

எட்டு மூட்டை உணக்கினோம். நான் இரண்டு வில்லை வேகவைத்துத் தின்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என் பரிசோதனை. என் வீட்டுக்காரர் மூட்டைகளோடு என்னை நிறுத்திப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். இங்கே சொந்தக்காரர்கள் எல்லாம் பதிலுக்குப் போனில் கைதட்டுகிற பொம்மைப் படமாகப் போட்டுத் தள்ளினார்கள்.

மழை பிடித்து இரண்டு வாரம் கழித்து மூட்டையைப் பிரித்தோம். அன்று காலை, பெற்று எழுந்த மூன்று பெண்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆளுக்கு ஒரு பை மரச்சீனி கொடுத்து அனுப்பினேன். இரண்டு பேர் பக்கத்துக் கிராமம், ஒருத்தி வள்ளத்தில் வடக்கே போனாள். மத்தியானம் காத்திருப்பு வீட்டில் எல்லாருக்கும் என் மரச்சீனி. நான் பிரசவ அறையில் இருந்ததால் சாப்பிடவில்லை. வயிறு நிறைய நல்ல சாப்பாடு கண்டு நாளானவர்கள், நிறையவே தின்றார்கள் என்று மெர்சி பிறகு சொன்னாள்.

மூன்று மணிக்கு அவள் ஓடிவந்தாள். ஆறு பேருக்கு வாந்தி, தலைசுற்றல். அந்த ஆறு பேரில் ஒருத்தி, அங்கே தங்கியிருந்த ஒரு பெண்ணின் நாலு வயது மகள் தவோங்கா, நிற்க முடியாமல் விழுந்துவிட்டாள். எங்கள் மருத்துவ அலுவலர் நல்ல கெட்டிக்காரப் பையன். மழைக்காலம், ஏரிக்கரை, கூட்டமாக வாந்தி. "காலரா" என்றார். யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். குளோரின் கரைக்கவும், காத்திருப்பு வீட்டைத் தனிமைப்படுத்தவும் உத்தரவு போட்டார். நானும் ஓடினேன். உள்ளுக்குள் ஏதோ இடித்தது. யாருக்கும் வயிறு போகவில்லை. குழந்தை இளைப்பு கண்டதுபோல மூச்சு வாங்கினாள், கண் செருகியது.

என் வீட்டுக்காரர் குளோரின் வாளியோடு வந்தவர், கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏட்டி, நம்ம ஊருல மரச்சீனி எல தின்ன ஆடு இப்படித்தானே மூச்சு வாங்கிட்டு விழும்?" என்றார். "எனக்கும் மத்தியானத்துலேந்து தல சுத்துகு. வெயிலுன்னு நெனச்சேன். அந்த மரச்சீனி கொஞ்சம்தான் தின்னேன், மீனுகூட சேத்து."

மரச்சீனி இலை தின்ற ஆடு. நம் வீடுகளில் கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஏன் கொட்டுகிறோம்? ஆட்டுக்கும் மாட்டுக்கும் பச்சை இலையை ஏன் போடுவதில்லை? எல்லாம் எனக்குத் தெரியும். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அந்த ஏரிக்கரைக் கிழங்கு பன்றியும் குரங்கும் தோண்டாத கசப்பு ஜாதி. அதனால்தான் அதை நடுகிறார்கள். அதிலுள்ள விஷம் ஊறினால்தான் இறங்கும். சட்டென்று கொதிக்க வைத்தால் இறங்காமல் உள்ளேயே தங்கிவிடும். நாற்றம் பிடித்த அந்த ஓடைதான் அவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் அதை அழுக்கு என்று ஒதுக்கிவிட்டேன்.

தெரியாத பொருளைக் கண்டால் நாம் நாலு பேரிடம் கேட்போம். தெரிந்த பொருள் மாதிரி இருந்தால் கேட்கமாட்டோம். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

மருத்துவ அலுவலரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை. எல்லாருக்கும் குளுக்கோஸ், குழந்தைக்கு ஆக்சிஜன். போனில் சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஓடி மாவட்ட ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். மருந்து அங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் தலைசுற்றலோடு ஜெனரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், ஆக்சிஜன் மெஷின் ஒரு நிமிடம் நிற்கக்கூடாது.

அப்போதுதான் அந்த மூன்று பைகள் நினைவுக்கு வந்தன.

அந்த நேரம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். ஆளை அனுப்பிப் பையைத் திருப்பி வாங்கிவிடலாம், பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லலாம் என்று தோன்றியது. என் தப்பு என்று தெரிந்தால் இந்த வீட்டில் இனி ஒரு பெண்ணும் வந்து தங்கமாட்டாள், பாதி வழியில் பெற்றுச் சாவார்கள், ஆகவே வெளியே சொல்லாமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது என்றுகூடத் தோன்றியது. பயம் வந்தால் மனசு எவ்வளவு அழகாக நியாயம் பேசும் பார்த்தீர்களா?

முற்றத்தில் பெண்களின் புருஷன்மாரும் சொந்தங்களும் இருபது பேர் நின்றார்கள். நான் போய் நின்று மெர்சியிடம், "நான் உணக்கின மரச்சீனியில விஷம் இருக்கு, யாரும் தின்னக்கூடாதுன்னு சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். எனக்கு அந்தப் பாஷை அதற்குள் ஓரளவு வந்திருந்தது. அவள் சொன்னது, "கிழங்கு மழையில் கெட்டுப்போச்சு" என்று. என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், பாவம்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "கெட்டுத்தானே போச்சு? இன்னொரு வெயில் காட்டித் தின்னா போதாதா?" பசிக் காலம். கெட்டுப்போன கிழங்கை யாரும் தூக்கிப்போடப் போவதில்லை. இன்னொரு வெயில் காட்டுவார்கள், தின்பார்கள்.

"மெர்சி, நான் சொன்னதைச் சொல்லு" என்றேன்.

"சிஸ்டர், வேண்டாம்" என்றாள் மெதுவாக. "ஒங்கள ஏசுவாங்க."

"ஏசட்டும் மக்கா."

நானே எனக்குத் தெரிந்த ஓட்டைப் பாஷையில் சொன்னேன். இந்தக் கிழங்கை உணக்கியது நான். தண்ணீரில் போடவேண்டும் என்று மெர்சி சொன்னாள், நான் கேட்கவில்லை. இதில் விஷம் இருக்கிறது, வெயிலில் போகாது. மூன்று வீட்டுக்குப் பை போயிருக்கிறது. யாராவது ஓடுங்கள்.

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு ஆள் சைக்கிளை எடுத்தான், இன்னொருவன் மோட்டார் சைக்கிளை, இரண்டு பேர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு ஏரியில் இறங்கினார்கள். தவோங்காவின் அம்மா மட்டும் வார்டு வாசலில் நின்று என்னையே பார்த்தாள். நிறைமாத வயிறு. தன் பங்கையும் மகளுக்கே ஊட்டியிருக்கிறாள்.

அந்தி சாய்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்து குழந்தையையும் தாயையும் கொண்டுபோயிற்று. மற்ற ஐந்து பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் இரண்டு பைகளோடு திரும்பின, அடுப்பில் ஏற்றுவதற்குள் போய்ப் பிடித்திருக்கிறார்கள். வள்ளம் மறுநாள் காலையில் வந்தது. வடக்கே போனவள் வீட்டு மாமியார்க்காரி என் மரச்சீனியை மோந்து பார்த்துவிட்டு, "இதில புளிப்பு மணமே இல்லியே, அந்த சிஸ்டருக்கு என்ன தெரியும்?" என்று பையோடு ஓடையில் ஊறப் போட்டுவிட்டாளாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன்.

நாலு நாள் கழித்து மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. தவோங்கா எழுந்து நடக்கிறாள், அவளுக்குத் தம்பியும் பிறந்துவிட்டான், தாயும் பிள்ளைகளும் சுகம். அந்த நாலு நாளும் நான் ஜெபித்தேனா என்று கேட்டால், வார்த்தையாக ஒன்றும் வரவில்லை என்றுதான் சொல்வேன். பிரித்த மூட்டையில் மிஞ்சியதையும் சேர்த்து எட்டு மூட்டையையும் ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம், குழி வெட்டியது நானும் என் வீட்டுக்காரரும்தான். பிறகு மெர்சியோடு ஓடையில் இறங்கிக் கிழங்கு ஊறப்போடப் படித்தேன். கிழங்கு பதமாயிற்றா என்று நான் அமுக்கிப் பார்ப்பேன், மெர்சி மறுபடி அமுக்கிப் பார்ப்பாள். அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான், அது நியாயமும்தான்.

ஆனால் காத்திருப்பு வீடு காலியாகிவிட்டது. அன்று சாயங்காலமே இரண்டு பேர் மூட்டை கட்டினார்கள். அடுத்த வாரம் புதிதாக ஒருத்தியும் வரவில்லை. நான் வாசலில் பாய் விரிப்பதை நிறுத்தினேன். வீட்டில் சமைப்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். என் கையால் செய்த ஒன்றையும் வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மிஷன் தலைமைக்கு எழுதி, வேறு யாரையாவது இங்கே போட்டு என்னைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் யோசித்தேன்.

தவோங்காவின் குடும்பம் அவர்கள் ஊருக்குத் திரும்பும் வழியில் காத்திருப்பு வீட்டில் இரண்டு நாள் தங்கியது. முதல் நாளே அவள் அம்மா, ஒரு கிண்ணத்தில் பூசணி இலைக் கறி வைத்து மகள் கையில் எனக்குக் கொடுத்தனுப்பினாள். நம் ஊரைப்போலவே அங்கேயும் ஒரு வழக்கம் உண்டு. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது. நான் கடையில் வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கிண்ணத்தில் வைத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அம்மாவே வந்தாள், ஒரு கையில் கிண்ணம், மறு கையில் மகள். பிஸ்கட் அப்படியே இருந்தது.

"இது கடைக்காரன் செஞ்சது" என்றாள். "நீ செஞ்சது எங்க?"

"பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "ஆனா தப்பா இருந்தா நீ சொல்லிப்போடுவ. அது எனக்குத் தெரியும்."

அன்று காலை என் வீட்டுக்காரருக்காக, ஏத்தன் வாழைக்காயை நறுக்கி வறுத்து, சர்க்கரைப் பாகும் சுக்குப் பொடியும் பிரட்டிச் சர்க்கரைவரட்டி செய்திருந்தேன். டப்பாவைத் திறந்தேன். அவள் கண்முன்னாலேயே முதலில் நான் இரண்டு தின்றேன், பிறகு கிண்ணத்தில் போட்டேன். தவோங்கா வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தாள். நான் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அம்மாவோ பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காத்திருப்பு வீட்டில் மழை ஒழுகுகிறது, கூரையை எப்போது சரி பண்ணுவீர்கள், என் தங்கச்சிக்கு அடுத்த மாதம் பேறுகாலம், அவளைக் கொண்டுவந்து விடப்போகிறேன் என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

தவோங்கா தின்று முடித்து, விரலை நக்கிவிட்டு, வெறுங்கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.